ஆள்காட்டி கத்தக் கூடாத குளம்

மலையடிக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அதற்குக் காவல் ஒரு ஆள்காட்டிக் குருவி. அவள் பெயர் காத்தாயி.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும். மான் கூட்டம் ஒருமுறை அந்தப் பக்கம் ஓடினால் போதும், முட்டை எல்லாம் நாசம். அதனால் மான்களுக்கும் காத்தாயிக்கும் ஒரு பேச்சு இருந்தது. அவள் முட்டையிட்ட இடத்தில் மான்கள் கால் வைக்காது. பதிலுக்கு, சந்தேகமாக எதைப் பார்த்தாலும் அவள் கத்த வேண்டும்.

அவளும் கத்தினாள். சிறுத்தையின் வால்நுனி தெரிந்தால் கத்துவாள். புதருக்குள் செந்நாய் மூச்சு விட்டால் கத்துவாள். சிக்கல் என்னவென்றால், காற்றில் பனையோலை விழுந்தாலும் கத்துவாள். விறகு பொறுக்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன துண்டைப் பார்த்து ஒருநாள் தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினாள். பிறகு அவளே வந்து, "வெறும் துணிதான். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தல் கேட்டால் ஓட வேண்டும். ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்க்கிற மான் பின்தங்கிவிடும், பின்தங்கின மான் பிழைக்காது என்று பால்குடி வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கேட்க நல்ல வழக்கமாகத்தான் தெரியும். ஆனால் யாருமே திரும்பிப் பார்க்காததால், காத்தாயி கத்தியதில் எது சிறுத்தை, எது ஓலை என்று அவளே வந்து சொன்னால்தான் உண்டு. அவளுக்கும் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தக் காட்டில் நல்ல பேர் எடுத்த குளம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சரிவான கரை, எதிர்ப்பக்கம் அடர்த்தியான கோரை. அங்கே பாசியப்பன் என்ற கிழட்டு ஆமை குடியிருந்தார். குளத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். எருமை வந்து கலக்கினால் விரட்டுவார். செத்த தவளை மிதந்தால் இழுத்துக் கரையில் போடுவார். மான்கள் வந்தால் மட்டும் சந்தோஷம். அவை கால் வைத்துக் கிளறினால் சேற்றிலிருந்து புழு மேலே வரும், இவருக்குச் சாப்பாடு. அதைவிட, "பாசியப்பன் குளத்துத் தண்ணி மாதிரி வராது" என்று நாலு பேர் சொல்வது அவருக்குப் பிடிக்கும்.

அந்தக் கோடை மோசமான கோடை. குட்டைகள் வெடித்துக் கிடந்தன. தண்ணீர் என்று மிச்சம் இருந்தது இரண்டே இடம். ஒன்று பாசியப்பன் குளம், பக்கத்தில். இன்னொன்று ஆறு. அது தொலைவு, வழியெல்லாம் வழுக்குப் பாறை, செந்நாய்த் தொல்லை வேறு.

கூட்டத்தில் செம்பி என்றொரு பெண்மான். அவளுக்கு ஒரு குட்டி, பொட்டு. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் புல் கடிக்கத் தெரியாது. தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் பால் இல்லை. பால் இல்லையென்றால் பொட்டு இல்லை. செம்பிக்கு இருந்த கவலை இது ஒன்றுதான், ஆனால் வேறு எதையும் நினைக்க விடாத கவலை.

ஒருநாள் காலையில் கூட்டம் குளத்துக்கு வந்தது. செம்பி தண்ணீரில் வாய் வைக்கக் குனிந்தாள். அப்போது காத்தாயி கத்தினாள்.

அவ்வளவுதான். கூட்டம் ஓடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடின ஓட்டத்தில் தாகம் அதிகமாகி, வேறு வழியில்லாமல் ஆற்றுக்கே போனார்கள். போகும் வழியில், பாறையில் செம்பியின் அக்கா வழுக்கி விழுந்தாள். முன்கால் உடைந்தது. செந்நாய்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டது. வழக்கப்படி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, செம்பியும்தான்.

சாயங்காலம் எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். கூட்டத்துக்குத் தலைவன் கொம்பையா. பெரிய கொம்பு, பெரிய குரல். காத்தாயி எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"எதைப் பாத்துக் கத்தினே?" என்றான் கொம்பையா.

"கோரைப் பக்கம் தண்ணிக்கு மேல ஒரு முதுகு தெரிஞ்சுது. கறுப்பா, மேடு மேடா. நான் கத்தினதும் முங்கிடுச்சு."

"முதலையா?"

"அது எனக்குத் தெரியல. சந்தேகமா இருந்துச்சு, கத்தினேன்."

"சந்தேகமா இருந்துச்சாம்" என்றான் சில்லான். கொம்பு முளைத்தும் முளைக்காத இளவட்டம் அவன். "போன வாரம் துண்டு மேலகூட இவளுக்குச் சந்தேகம். நாளைக்கு என் நிழலைப் பாத்துக் கத்துவா. நான் என்கிட்டேயிருந்தே ஓடணும்."

சிலர் சிரித்தார்கள். செம்பி சிரிக்கவில்லை. பொட்டு அவள் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் முனகிக்கொண்டு இருந்தது.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு பாசியப்பன் வந்து சேர்ந்தார். விஷயம் காதில் விழுந்து மத்தியானமே கிளம்பியவர், அவர் நடைக்கு அப்போதுதான் வர முடிந்தது. வந்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"என் குளத்துல முதலை இருக்குன்னு சொன்னது யாரு?"

"முதலைன்னு சொல்லலண்ணே" என்றாள் காத்தாயி. "ஒரு முதுகைப் பாத்தேன்னுதான் சொன்னேன்."

"அது என் முதுகு."

"உங்களுதா?"

"பின்னே? என் குளத்துல என்னை விட்டா முதுகு காட்டுறவன் யாரு இருக்கான்? நான் மெனக்கெட்டு ஒரு இடத்தைச் சுத்தமா வெச்சிருப்பேன், நீ மேலே நின்னு ஒரு கத்து கத்தி என் பேரைக் கெடுப்பே. நல்லா இருக்கு உன் காவல்."

"உங்க முதுகு வழவழன்னு இருக்குமே அண்ணே. நான் பாத்தது மேடு மேடா..."

"அண்ணன் முதுகுல பாசி ஏறிக் கிடக்கு. அதான் மேடு" என்றான் சில்லான். இந்த முறை நிறைய பேர் சிரித்தார்கள். பாசியப்பனே சிரித்துவிட்டார்.

பாசியப்பன் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அன்று காலையில் அவர் தன் மூலையில் சேற்றுக்குள் புதைந்து தூங்கிக்கொண்டிருந்தார். கத்தலே அவர் காதில் விழவில்லை. கோரைப் பக்கம் அவர் போய்ப் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று, மழைக்கு முன்னால் போனதுதான். என் குளத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு வந்து பேசிவிட்டார். வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஒருமுறை நீந்திப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தார்.

கொம்பையா செம்பியைப் பார்த்தான். "நீ சொல்லு. இன்னைக்கு ஒருத்தியைப் பறிகொடுத்தவ நீ."

செம்பி பொட்டுவின் தலையை நக்கிக்கொடுத்தாள். பிறகு சொன்னாள். "அந்த ஆத்துக்குத் தினமும் என்னால நடக்க முடியாது மாமா. நடந்தா என் பிள்ளை பிழைக்காது. இந்தக் குளத்துலதான் எங்கம்மா குடிச்சா, நான் குடிச்சேன். ஒருநாளும் ஒண்ணும் ஆனதில்ல. ஒரு முதுகைப் பாத்தேன் முதுகைப் பாத்தேன்னு இவ கத்தப் போய் எங்கக்கா செத்தா. அங்க வந்து இவ கத்தாம இருந்தாப் போதும் எனக்கு."

"கேட்டுக்கிட்டியா?" என்றான் கொம்பையா காத்தாயியிடம். "வேற எங்க வேணும்னாலும் கத்து. நாங்க ஓடறோம். இந்தக் குளத்துல மட்டும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"ஏதாவது தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும்."

"அப்போ நான் அங்க வந்து என்ன பண்றது?"

"வந்து சும்மா நில்லு. மீறிக் கத்தினா, உன் முட்டை இருக்கிற பக்கம் நாங்க பாத்து நடக்கணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது."

குளத்துக்குப் போகிற வழியில், கூழாங்கல் மேட்டில்தான் காத்தாயியின் முட்டைகள் இருந்தன. அவை இன்னும் பொரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து கூட்டம் பழையபடி குளத்துக்குப் போனது. முதல் நாள் கொஞ்சம் பயந்துகொண்டே குடித்தார்கள். பின்னங்கால் கரையிலேயே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் முன்னங்கால் தண்ணீரில் இறங்கியது. அப்புறம் வயிறு நனையும் வரைக்கும் இறங்கி நின்று கதை பேசினார்கள். பாசியப்பன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீந்தி எல்லோரையும் விசாரித்தார். கோரைப் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே அவருக்கு வேலை இல்லை.

காத்தாயி தினமும் வந்து ஒரு மேட்டில் நின்றாள்.

"என்னக்கா, தொண்டை சரியில்லையா?" என்பான் சில்லான். "கஷாயம் வேணும்னா சொல்லு."

அவள் வாய் திறக்க மாட்டாள்.

செம்பிக்குப் பால் ஊறியது. பொட்டு வயிறு முட்டக் குடித்துவிட்டுத் துள்ளியது, விழுந்தது, எழுந்து மறுபடி துள்ளியது. அதைப் பார்க்கும்போது செத்துப்போன அக்காவைக்கூடச் செம்பியால் கொஞ்ச நேரம் மறக்க முடிந்தது.

ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு காத்தாயி அவள் பக்கத்தில் வந்து இறங்கினாள்.

"செம்பி, ஒண்ணு சொல்லணும். சத்தமா சொல்லல. கோரை ஓரத்துல ஒரு திட்டு தெரியுது பாரு. நேத்து அது அங்க இல்ல."

"தண்ணி வத்துது அக்கா. திட்டு தெரியத்தான் செய்யும்."

"முந்தாநாள் வேற இடத்துல இருந்துச்சு."

செம்பி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. "என் மடியில இப்பத்தான் பால் ஊறுது. என்னைக் கலைக்காதே. நீ பாத்ததுல எத்தனை நிஜம், எத்தனை ஓலைன்னு உனக்கே தெரியாது."

"அது என்னவோ வாஸ்தவம்தான்" என்றாள் காத்தாயி. "எனக்கே இப்ப என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல. அதனாலதான் நீ ஒரு தடவை பாருன்னு சொல்றேன்."

"பாத்து முதலைன்னு தெரிஞ்சா நான் எங்க போவேன்?"

அப்படிக் கேட்டுவிட்டுச் செம்பி குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டதில் இருந்த விஷயம் இதுதான்: குளம் நல்ல குளமா என்று அவள் யோசிக்கவில்லை. நல்ல குளமாக இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டாள். தாகம் அப்படி முடிவு பண்ண வைக்கும்.

பொட்டு முதல்முதலாகத் தானாகத் தண்ணீர் குடித்தது ஒரு காலைப் பொழுதில். அம்மா செய்வதைப் பார்த்து அதுவும் தலையைக் குனிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி குனிந்தது. அம்மாவைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

மேட்டில் நின்ற காத்தாயிக்கு எல்லாம் தெரிந்தது. கோரை ஓரத்துத் திட்டு அங்கே இல்லை. கோரைக்கும் குட்டிக்கும் நடுவில் தண்ணீர் ஒரு கோடு போல விலகிக்கொண்டு வந்தது. அவள் ஒரு நொடி தன் முட்டைகள் இருந்த பக்கம் பார்த்தாள்.

பிறகு கத்தினாள். இதுவரை கத்தாத மாதிரி கத்தினாள். மான்களின் தலைக்கு மேலேயே பறந்து பறந்து கத்தினாள்.

மான்கள் தலையைத் தூக்கின.

"வாயை மூடு" என்று உறுமினான் கொம்பையா. "இந்தக் குளத்துல கத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"மறுபடியும் என் முதுகா?" என்றார் பாசியப்பன். "நான் இங்க, கரையிலதானே இருக்கேன்."

செம்பி காத்தாயியைப் பார்த்தாள். பிறகு கொம்பையாவைப் பார்த்தாள். ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று அவன் முகத்தில் தேடினாள். கூட்டமே அப்படித்தான் நின்றது. எல்லோரும் குருவியைப் பார்த்தார்கள், தலைவனைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் பிளந்தது. பொட்டு ஒருமுறை "ம்மே" என்றது. அந்தச் சத்தமும் பாதியில் நின்றுவிட்டது.

அப்புறம் ஓடினார்கள். அப்போதும் வழக்கப்படிதான் ஓடினார்கள், எதையும் பார்க்காமல். வழியில் கூழாங்கல் மேடு வந்தது. எங்கே மிதிக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? அத்தனை கால்களும் அதன் மேலே போயின.

செம்பி பாதி தூரத்தில் நின்றாள். நின்று, குளத்துப் பக்கம் திரும்பி வந்தாள். அந்தக் கூட்டத்தில் அப்படித் திரும்பிய முதல் மான் அவள்தான். கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டில் ஏறி நின்று குளத்தைப் பார்த்தாள். அங்கிருந்து எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. கோரை ஓரத்தில் ஒரு முதலை, மேடு மேடான முதுகோடு, அவசரமில்லாமல் கிடந்தது. இவ்வளவு நாளும் இந்த மேடு இங்கேதான் இருந்தது. ஏறிப் பார்க்கக் கொஞ்ச நேரம்கூட ஆகாது.

பாசியப்பன் கரையில் உட்கார்ந்திருந்தார். "எப்படா வந்தே நீ?" என்று கேட்டார். அவர் குரலே அவருக்குக் கேட்டிருக்காது.

"போன மழையில" என்றது முதலை. "மேலே ஏரி உடைஞ்சு வெள்ளம் வந்துச்சே, அதோட வந்தேன். வாய்க்கால் காஞ்சு போச்சு. இங்கேயே தங்கிட்டேன். இவ்வளவு நாளும் மீனை வெச்சு ஓட்டினேன்."

"அன்னைக்குக் குருவி பாத்தது?" என்று மேட்டிலிருந்து கேட்டாள் செம்பி.

"என்னைத்தான். நல்ல கண்ணு அதுக்கு. சரி, காரியம் கெட்டுது, இனிமே ஒரு மானும் வராதுன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, இந்தப் பெரியவர் எனக்காகப் போய்ப் பேசிட்டு வந்திருக்காரு."

"உனக்காகவா? என் குளத்துக்காகப் பேசினேன்" என்றார் பாசியப்பன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே. யோசிச்சுப் பாரு. பேர் கெட்ட குட்டையில நான் கிடந்தா எவன் கிட்ட வருவான்? இங்க எல்லாரும் இடுப்பு வரைக்கும் இறங்கி நிக்கிறாங்க. நீ சேத்து வெச்ச நல்ல பேரை வெச்சுத்தான் நான் சாப்பிடறேன்."

"முதல் நாளே ஏன் பிடிக்கலை?" என்றாள் செம்பி. எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"முதல் நாள் எல்லாரும் பயந்து பயந்து குடிச்சீங்க. பயம் போகட்டும்னு இருந்தேன்."

முதலை முங்கிவிட்டது. பாசியப்பன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். குளத்தைவிட்டுப் போக அவருக்கு வேறு இடம் இல்லை. அதற்கப்புறம் அந்தக் குளத்துக்கு யாரும் வரவும் இல்லை.

செம்பி திரும்பி நடந்தாள். கூழாங்கல் மேட்டில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முட்டையோடும் மஞ்சள்கருவும் மண்ணில் நசுங்கிக் கிடந்தன.

"எங்க கால்தானா அக்கா?"

"உங்க கால்தான்."

"நீ கத்தினதுக்காக யாரும் வேணும்னு செய்யல."

"தெரியும். கத்தலைன்னாலும் இதே வழியாத்தான் ஓடியிருப்பீங்க."

செம்பி அவள் பக்கத்தில் மண்ணில் படுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேர் என்ன பேசுவார்கள்?

"நீ அன்னைக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றாள் செம்பி கடைசியில்.

"எதை அழுத்திச் சொல்றது? மேலேயிருந்து பாத்தா கட்டையும் முதலையும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு. சந்தேகம்னு கத்தறதோட என் வேலை முடிஞ்சுது. அது என்னன்னு யாராவது தள்ளி நின்னு பாக்கணும். நீங்க ஒருநாளும் பாத்ததில்ல. ஒண்ணு ஓடுவீங்க, இல்லைன்னா என் வாயை அடைப்பீங்க."

வாயை அடைக்கச் சொன்னதே செம்பிதான்.

அன்று மாலை கொம்பையா மறுபடி கூட்டம் போட்டான். கொம்பு அதேதான், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே அந்தக் குளத்துப் பேரை யாரும் எடுக்கக் கூடாது. ஆத்துக்குத்தான் போறோம். காத்தாயி எங்க கத்தினாலும், எதுக்குக் கத்தினாலும், ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது."

"முன்னாடியும் அப்படித்தானே மாமா ஓடினோம்?" என்றாள் செம்பி. "அப்படி ஓடித்தான் எங்கக்கா செத்தா. பிறகு ஓடாம நின்னு என் பிள்ளை செத்துது. ஓடறதுக்கும் நிக்கிறதுக்கும் நடுவுல ஒருத்தர் பாத்தா என்ன?"

"பாக்கறது நம்ம வழக்கம் இல்ல."

"பாத்திருந்தா..."

"அதான் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றேன்ல? பிள்ளை போன துக்கத்துல பேசறே. போய்ப் படு."

சில்லான் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு வேடிக்கையாகச் சொல்ல எதுவும் வரவில்லை. செம்பிக்கு ஆதரவாகவும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று எல்லோரும் படுத்துவிட்டார்கள். இவ்வளவு நடந்த பிறகாவது கூட்டம் மாறியது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. மாறவில்லை.

ஆற்றுக்குப் போகிற வாழ்க்கை தொடங்கியது. பாறை பழையபடி வழுக்கியது, வழியில் ஒன்றிரண்டு மான்கள் குறைந்தன. காத்தாயியும் கூடவே வந்தாள். அவளுக்கு வேறு கூட்டம் பழக்கமில்லை.

ஒருநாள் ஆற்றங்கரையில் கூட்டம் குடிக்கக் குனிந்தபோது அவள் கத்தினாள். கூட்டம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மேட்டைத் தாண்டி மறைந்தது. பாதிப் பேர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

செம்பி மட்டும் கரையைவிட்டு மேலே ஏறி, எந்த நேரமும் ஓடுகிற மாதிரி காலை வைத்துக்கொண்டு, ஒரு பாறையில் நின்றாள்.

"எங்க அக்கா?"

"அந்தச் சுழலுக்கு இந்தப் பக்கம். கறுப்பா, நீளமா."

செம்பி பார்த்தாள். கறுப்பாக ஒன்று தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. உடனே கிட்டே போகவும் இல்லை, ஓடவும் இல்லை. அது தண்ணீரோடு போகிறதா, தண்ணீரை எதிர்த்துப் போகிறதா என்று கவனித்தாள். தண்ணீரோடுதான் வந்தது. ஒரு பாறையில் முட்டியது. மெல்லப் புரண்டது. அடியில் வேர் தெரிந்தது.

"கட்டைதான் அக்கா."

"அப்படியா. தப்பா கத்திட்டேன்."

"தப்பில்ல. நீ கத்து. நான் பாக்கறேன்."

செம்பி கீழே இறங்கி நிதானமாக, வயிறு நிறையக் குடித்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் தாகத்தோடு நின்றுகொண்டிருந்தது. கட்டைதான், வாங்க என்று அவள் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று கொம்பையா சொல்வது காற்றில் கேட்டது.

தண்ணீர் உள்ளே போனதும் வற்றிக் கிடந்த மடியில் மறுபடி பால் ஊறியது. குடிக்க ஆள் இல்லாமல் அது கட்டிப்போய் வலித்தது. செம்பி வலியோடு ஆற்றங்கரையில் நின்றுகொண்டே இருந்தாள்.

தினமும் தண்ணீர் குடிக்கிற குளமாக இருந்தாலும் சரி, தினமும் கைப்பேசியில் திறக்கிற இணையதளமாக இருந்தாலும் சரி, நம்பின இடத்திலேயே எச்சரிக்கை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஓடாதே, எச்சரிக்கையின் வாயையும் அடைக்காதே, தள்ளி நின்று என்னவென்று முதலில் பார்.